ஏழாம் விலா எலும்பின் கீழே

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது பாறைப் பாளத்தில் இன்று ஒன்றரை விரற்கடை நகர்ந்தேன். இனிமேல் காற்று உளி கூடாது, ஊசிதான். எலும்புச் சுவர் அழைப்பிதழ் அட்டை கனம்கூட இல்லை. உள்ளே வெறும் காற்று, குறுக்கே சைக்கிள் கம்பி போலச் சில எலும்பிழைகள். இத்தனை பெரிய உடம்பு எப்படிப் பறந்தது என்று கேட்பவர்களுக்கு இந்த எலும்பைக் காட்டினால் போதும். ஏழு கோடி வருஷத்துக்கு முந்தைய பறக்கும் ஊர்வன இனம். எங்கள் வேலைக்கூடத்தில் அதற்கு ‘நெட்டை’ என்று பெயர்.

மாதத் தொடக்கம். இருப்பிடத் தாள் இருபதில் கையெழுத்துப் போட்டுச் சகலையிடம் கொடுத்தேன். எலும்பு பாறைக்குள் எங்கே, எப்படிக் கிடந்தது என்று நிரப்பிய பிறகுதான் அதைச் சுத்தம் செய்யும் நானும் ஆய்வாளரான அவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பசையும் தூசியும் அப்பிய கையோடு எலும்புக்கு ஒரு தடவை பேனாவைத் தேட முடியுமா? வெற்றுத் தாளில் போட்டுவிடுவேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். பதினெட்டு வருஷமாக இதுதான் நடக்கிறது.

பல்செட் பட்டறையில் குனிந்து கிடந்த என்னை இந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை. ஊருக்கெல்லாம் அவர் டாக்டர். எனக்குச் சகலை.

மார்ச் 6, வியாழன்

ஏழாம் விலா எலும்பு முழுதாகத் தெரிகிறது. உடையவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நிதானமாக எழுதிவைக்கிறேன்.

பதினொன்றேகால் மணி. ஏழாம், எட்டாம் விலா எலும்புகளுக்குக் கீழே ஊசி ஏதோ வழவழப்பான இடத்தில் தட்டியது. இன்னொரு விலா எலும்பு என்றுதான் நினைத்தேன். இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சின்ன எலும்பு. அதன் பக்கத்தில் இன்னொன்று. நான்கு மணிக்குள் ஒன்பது துண்டுகள். அதில் ஒன்று தாடையின் நுனி. பல் இல்லை, நெட்டையுடையது போலவே கூர்மை. இன்னொன்று இறக்கை விரலின் கணு. எல்லாம் கைப்பிடி அளவு இடத்துக்குள், விலாவின் உட்பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. முனைகள் மழுங்கியிருக்கின்றன. குழந்தை சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி.

சகலையைக் கூப்பிட்டேன். நுண்ணோக்கியில் இருபது நிமிஷம் பார்த்தார். அதே இனத்துக் குஞ்சு என்றார்.

“தின்னிருக்கு,” என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இத வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க சகலை. முதல்ல எழுதிடுவோம்,” என்றார். நியாயம்தான். கண்டதை அச்சில் போடுவதற்குள் காற்றில் விடக்கூடாது.

மார்ச் 12, புதன்

தூக்கம் சரியில்லாமல் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டேன். நெட்டையை எதிரே வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். கழுத்து மட்டும் ஒரு ஆளைவிட நீளம். இறக்கையை விரித்தால் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாசலில் தொடங்கிக் கொல்லை தாண்டும். இவ்வளவு பெரிய இறக்கையை வைத்துக்கொண்டு அது பொழுதின் பெரும்பகுதியைத் தரையில்தான் கழித்திருக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கையைக் குடை மாதிரி மடக்கிவிட்டு, அதே கையை ஊன்றி, நான்கு காலாக நடக்கும். கிளம்பும்போதும் பறவை மாதிரிக் காலால் எம்பாது. கைகளை ஊன்றி ஒரே உந்து. நடக்கும்போது காலடியில் என்ன ஓடினாலும் குனியும், கொத்தும், விழுங்கும். மெல்லப் பல் இல்லை. அது குனிந்தபோது எதிரே சொந்த இனத்துக் குஞ்சு ஒன்று நின்றிருக்கிறது. அவ்வளவுதான்.

குஞ்சுகள் முட்டை ஓட்டை உடைத்து வந்த சில நாட்களிலேயே பறந்து தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அம்மா யார், அடுத்த வீட்டுக்காரி யார் என்று இரண்டு பக்கமும் தெரிந்திருக்காது. அதில் குரூரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அது எப்படி வாழ்ந்தது என்று ஒரு கைப்பிடி எலும்பு சொல்கிறது. பதினெட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி இது.

மார்ச் 20, வியாழன்

சின்ன எலும்புகளைப் பாறையிலிருந்து எடுக்கச் சொன்னார் சகலை. எலும்புக்கு நகல் வார்க்க அச்சு எடுப்பவர் திங்கட்கிழமை வருகிறாராம்.

படம் எடுக்காமல் எப்படி என்று கேட்டேன். மனைவியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக நான் செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருந்தேன். அன்றைக்கே தன் கேமராவில் எல்லாக் கோணத்திலும் எடுத்தாகிவிட்டது, தாளையும் நிரப்பியாகிவிட்டது என்றார். எலும்பைப் பாறையிலிருந்து பிரிப்பது பிணத்தைச் சம்பவ இடத்திலிருந்து தூக்குகிற மாதிரி. தூக்கிவிட்டால் தூக்கியதுதான். இருந்தாலும் அவர் எடுத்தேன் என்றால் எடுத்திருப்பார்.

ஒன்பது துண்டு, ஒன்பது தட்டு. மாலைக்குள் முடிந்தது. ஒன்றுகூட உடையவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஏப்ரல் 3, வியாழன்

நாள் முழுக்க மின்சாரம் இல்லை. தட்டுகளுக்குச் சீட்டு ஒட்டினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மரவேலைக்காரர் பீடத்துக்கு அளவு பார்க்க வந்தார். வாய் சும்மா இருக்காது அவருக்கு. “நானும் முப்பது வருஷமா கட்டில் பண்றேன், பீரோ பண்றேன். கூடு பண்ணச் சொன்ன மொத ஆளு உங்க சகலைதான்,” என்றார்.

என்ன கூடு என்று கேட்டேன். நெட்டையின் காலடியில் வைக்கிற கூடாம். குஞ்சை அதில் உட்கார வைத்து, தாய் குனிந்து இரை ஊட்டுகிற மாதிரி நிறுத்தப்போகிறார்களாம். பின்சுவர் முழுக்க அதே காட்சி ஓவியமாக வருமாம். “உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான சார் ரெண்டு பேரையும் வெளிய எடுத்தது!” என்று சிரித்தார்.

எப்போது சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் வேலை வாங்கிய தேதியைப் பலகையின் முதுகில் பென்சிலால் எழுதுகிறவர். கூட்டுக்குக் கொண்டுவந்த பலகையைத் திருப்பிக் காட்டினார். மார்ச் 14.

நான் எலும்புகளை எடுத்தது மார்ச் 20. ஆறு நாள் முன்னாலேயே கூட்டுக்கு அளவு போயிருக்கிறது.

சகலையிடம் கேட்டேன். அது சின்னப் பிள்ளைகள் பார்க்கிற காட்சி, ஆய்வுக் கட்டுரையில் உள்ளபடிதான் வரும் என்று தோளைத் தட்டினார். சரி என்றேன். தலையை ஆட்டிய பிறகுதான் மனசு சரி சொல்லவில்லை என்று தெரிந்தது.

மே 5, திங்கள்

கட்டுரை வந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கம். தலைப்பிலேயே ‘குஞ்சு பேணுதல்’ என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இருப்பிடத் தாளின் நகல். சிறிய எலும்புகள் ஒன்பதும் விலாக்கூட்டுக்கு வெளியே, இடது இறக்கையின் அணைப்பில், நாற்பது செண்டிமீட்டர் தள்ளி.

கீழே என் கையெழுத்து.

என் கையெழுத்துதான். போலி இல்லை. அந்தக் கடைசிச் சுழி எனக்கு மட்டும்தான் அப்படி விழும். நான் போட்டுக் கொடுத்த இருபதில் ஒன்று.

நாற்பது செண்டிமீட்டரா? கைப்பிடி அளவு இடம்யா அது. உள்ளுக்குள்ள இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன், இந்தக் கையாலதானே எடுத்தேன் — எடுத்தது நான்தானே. எடுக்காம இருந்திருந்தா இன்னைக்கும் அது அங்கயே இருந்திருக்குமே. எடுன்னா எடுத்துடறதா? பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் செய்யற காரியமா இது?

மே 6, செவ்வாய்

அவர் அறைக்குப் போனேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தை மேசையில் வைத்தேன். மறுப்பார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். அவர் மறுக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

“குட்டியத் தின்ன மிருகத்தப் பார்க்க எவன் புள்ளைங்களக் கூட்டிட்டு வருவான்? கூட்டம் இல்லன்னா இந்தப் பிரிவையே மூடிடுவாங்க. அப்புறம் நீங்க எங்க உக்காந்து சொரண்டுவீங்க?”

“அது வயித்துக்குள்ள இருந்துச்சு சகலை.”

“இருந்துச்சு. இப்பத் தட்டுல இருக்கு.”

படங்களைக் கேட்டேன். கேமராவின் கார்டு கெட்டுவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்தார். நான் பத்திரிகைக்கும் தலைமை அலுவலருக்கும் எழுதப்போகிறேன் என்றேன்.

“என்னன்னு எழுதுவீங்க? வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னா? தாராளமா எழுதுங்க. அந்த ஒரு தாளோட நிக்காது. நானூத்திப் பன்னெண்டு தாள் இருக்கு. எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. உங்க பேர்ல ஒரு எலும்பு மிஞ்சாது, பார்த்துக்கங்க.”

மிரட்டுகிற குரலே இல்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற குரல். வெளியே வரும்போது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி அவர் மனைவி சொன்னதாகவும் சொன்னார்.

மே 7, புதன்

வேலைக்குப் போகவில்லை.

மே 10, சனி

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதாவிட்டால் நானே நாளைக்கு நம்ப மாட்டேன்.

என் மனைவி பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். கத்தரிக்கோல் தேடி அவள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். கட்டாக ஓவியங்கள். சுவருக்கான நெட்டை. தாய், கூடு, குஞ்சு. வரைந்தது இவள்தான்! இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கட்டின் அடியில் ஒரு பென்சில் படம். விலாக்கூடு. அதற்குள்ளே சின்னச் சின்ன எலும்புகள் ஒரு குவியலாக. மூலையில் அவள் எப்போதும் போடுகிற தேதி: மார்ச் 13. ஓரத்தில் அவள் கையெழுத்தில், ‘அத்தான் சொன்னது: வயிற்றுக்குள், ஒன்பது துண்டு.’ சகலையை அவள் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். படத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். மார்ச் 13 அன்று நான் வேலையில் இருந்தபோது அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். இருந்தது இருந்தபடி முதலில் சொன்னாராம், இவள் வரைந்தாளாம். பார்த்துவிட்டு, வேண்டாம், கூட்டில் இருப்பது போல வரை என்றாராம்.

“உங்ககிட்ட இப்பச் சொல்லாத, நானே பக்குவமா சொல்லிக்கறேன்னாரு அத்தான்.”

“நான் எலும்ப எடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உனக்குத் தெரியும்.”

“எடுத்தா என்ன ஆகும்னு எனக்கென்னங்க தெரியும்?”

“பொய்னு தெரியும்ல?”

“தெரியும்,” என்றாள்.

இந்தப் படம் ஒன்று போதும், அலுவலகத்தில் காட்டலாம் என்றேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தானுக்கு வேலை போனா எங்கக்கா எங்க போவா? எனக்கு இருக்கறது ஒரே அக்காங்க,” என்றாள். எனக்கும் இருப்பது ஒரே மனைவிதான்.

படத்தை இழுப்பறையிலேயே வைத்தேன். அவள் மேசை, அவள் படம். அவளாகக் கொடுக்கட்டும்.

மே 11, ஞாயிறு

இழுப்பறையில் படம் இல்லை. கட்டு அப்படியே இருக்கிறது. அடித்தாள் மட்டும் இல்லை. கேட்டதற்கு, “எந்தப் படம்?” என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் பொய் — முதல் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மதியம் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு அவள் மட்டும் போனாள்.

மே 13, செவ்வாய்

ஆவண அறையில் உட்கார்ந்து என் தாள்களைப் பார்த்தேன். அவர் சொன்ன எண்ணிக்கை சரிதான். 412.

முதல் தாள் ஒரு மீன். செதில் செதிலாக ஏழு மாதம். அப்போது எனக்குக் காற்று உளி பிடிக்கத் தெரியாது. பல்செட் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஊசிகளை வைத்தே எடுத்தேன். அறுபத்து மூன்றாம் தாள், ஓட்டுக்குள் தலையை இழுத்தபடி கல்லான ஆமை. இருநூற்றுப் பத்தில் ஒரு இலை, அதன்மேல் ஒரு பூச்சி. பூச்சியின் ஒரு கால் மட்டும் இலை நரம்பில் பதிந்திருந்தது. அந்தக் காலை நான் விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. விடவில்லை.

எல்லாத் தாளிலும் நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். நான் சரிபார்த்த வரையில் எல்லாம் சரி. ஆனால் இனிமேல் அதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது? நான் வாயைத் திறந்தால் மீன் போகும், ஆமை போகும், அந்தப் பூச்சியின் கால் போகும். திறக்காவிட்டால் இதெல்லாம் இருக்கும், நெட்டை மட்டும் பொய்யாக நிற்கும். நானூற்றுப் பதினொன்றுக்கு ஒன்று. கணக்கு என்று பார்த்தால் வாயை மூடிக்கொள்வதுதான் லாபம்.

அந்த மீனின் சொந்தக்காரன் நானா என்ன, அதைக் காப்பாற்ற நெட்டையை விட்டுக்கொடுக்க?

மே 19, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திரிகைக்கு ஒன்று, தலைமை அலுவலருக்கு ஒன்று. ஆறு வரி. வெற்றுத் தாளில் கையெழுத்திட்டது என் தவறு, பதினெட்டு வருஷமாக அப்படித்தான் செய்தேன், இந்தத் தாளில் உள்ளது நான் கண்டது அல்ல, கண்டது இன்னது. யாரையும் திட்டவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு, முழுதாகப் படித்த பிறகு, கீழே கையெழுத்துப் போட்டேன்.

மே 20, செவ்வாய்

சகலை எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

விசாரணை. வெளியிலிருந்து வந்த மூன்று பேர், ஒரு நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. வெற்றுத் தாள் பழக்கத்தைப் பற்றி முதலில் சகலையைத்தான் கேட்டார்கள்.

அப்படி ஒரு பழக்கமே இல்லை என்றார். பசைக்கையோடு நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவாராம். எழுதியதை நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேனாம். இந்தத் தாளையும் அப்படித்தான். “கூட்டுக் காட்சி வச்சதுல அவருக்கு வருத்தம். குடும்பத்துக்குள்ள வேற ஏதோ மனஸ்தாபம். அதுக்குமேல நான் சொல்ல விரும்பல,” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

குடும்பம் என்ற சொல்லை அந்த அறைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான்.

எலும்பு முனைகள் மழுங்கியிருப்பதைக் காட்டினேன். வயிற்று அமிலத்தில் கரைந்ததாகவும் இருக்கலாம், ஆற்று நீரில் உருண்டதாகவும் இருக்கலாம் என்றார் மூவரில் நடுவில் இருந்த பெண். மார்ச் 11 அன்று எழுதிய இந்தக் குறிப்பின் நகலைக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிப் படித்தார். வீட்டில் எழுதுவதை ஆவணமாக எடுத்துக்கொள்ள விதி இல்லை என்று திருப்பித் தந்தார். வேறு யாராவது பார்த்தவர்கள், அப்போதே கேட்டவர்கள் உண்டா என்று கேட்டார்.

காலையில் கிளம்பும்போது மனைவியிடம் கேட்டிருந்தேன். வருகிறாயா என்று மட்டும். தலைவலி என்றாள்.

“யாரும் இல்லை,” என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

முடிவு வந்தது. எது உண்மை என்று உறுதி செய்ய முடியாததால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. சகலைக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, பதவி அப்படியே. என் 412 தாள்களின் மேலும் ‘சரிபார்க்கப்படாதது’ என்று முத்திரை விழும். அவற்றை வைத்து இனி யாரும் எதையும் எழுதக்கூடாது. என் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது.

மூக்குக் கண்ணாடி, ஊசிப் பெட்டி, முழங்கால் மெத்தை. ஒரு பைக்குள் அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மரவேலைக்காரர் வீட்டுக்கு வந்தார். கூட்டைப் பிரித்துவிட்டாராம். “நல்ல மரம் சார். முக்காலி பண்ணலாம்னு எடுத்துட்டு வந்துட்டேன்.” ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். மனைவி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பழைய பட்டறையில் சேர்ந்துவிட்டேன். மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய். முதலாளியின் மகன் இப்போது முதலாளி. என் கை இன்னும் நன்றாக இருக்கிறது என்கிறான்.

நவம்பர் 16, ஞாயிறு

நெட்டையின் கூடத்தைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்வி. போய்வருகிறேன் என்று செருப்பை மாட்டியபோது, “நானும் வரேன்,” என்றாள் மனைவி. சரி என்றேன்.

இரண்டு நுழைவுச் சீட்டு வாங்கினேன். வாசல் காவலர் பதறிப்போய், “உங்களுக்கு எதுக்கு சார் சீட்டு, உள்ள போங்க,” என்றார். பரவாயில்லை என்று கிழித்துத் தரச் சொன்னேன்.

நல்ல கூட்டம். நெட்டையை அழகாக நிறுத்தியிருக்கிறார்கள்; நான்கு காலில், கழுத்தைத் தாழ்த்தி. பின்சுவரில் அவள் வரைந்தது இருக்கிறது, கூடும் குஞ்சும் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெள்ளை பூசியிருக்கிறார்கள். நெட்டை குனிந்து, அலகைத் திறந்து, ஒன்றுமில்லாத தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓரமாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஒன்பது துண்டுகள். அதன் கீழே பலகை: ‘இதே இனத்துக் குஞ்சு ஒன்றின் எலும்புகள். இவை பெரிய விலங்கின் உடலுக்கு உள்ளே கிடந்தனவா, வெளியே கிடந்தனவா என்பது தெரியவில்லை.’

எங்கள் பக்கத்தில் ஒரு சிறுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள். “தெரியலன்னா, யாருமே பார்க்கலயாப்பா?” என்று அவள் அப்பாவிடம் கேட்டாள்.

“எப்படிம்மா பார்ப்பாங்க? எத்தனை கோடி வருஷம் ஆச்சு,” என்றார் அவர்.

என் மனைவி பலகையை இன்னொரு முறை படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தோன்றியது. காத்திருந்தேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம்.

பேருந்தில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள். நான் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தேன்.